தோள்மூட்டு நேராகப் பார்ப்பதில்லை: எக்ஸ்ரே எடுக்கும்போது உடலை ஏன் சரிக்கிறோம்?

தோள் படம் எடுக்கப் பழகும் மாணவர்கள் ஆரம்பத்திலேயே ஒரு குழப்பத்தில் வந்து நிற்பார்கள். நோயாளரைப் பக்கிக்கு (படம் பதியும் டிடெக்டர் பொருத்திய தாங்கிக்கு) முதுகு காட்டி நேராக நிறுத்தி, முன்னாலிருந்து கதிரைச் செலுத்தி எடுப்பது ஏபி படம். அதே ஆளை 40 பாகை சரித்து நிறுத்தி எடுத்தால் அது ‘உண்மையான ஏபி’. நேராக நின்று எடுத்தது உண்மை இல்லையா? சரிந்து நின்றது எப்படி உண்மையாகும்?

பதில் எலும்பின் அமைப்பிலே இருக்கிறது. அது விளங்கிவிட்டால் தோளுக்குரிய பத்துப் பன்னிரண்டு படநிலைகளையும் பாடமாக்கத் தேவையில்லை. ஒவ்வொன்றும் ஏன் அந்தக் கோணத்தில் எடுக்கப்படுகிறது என்பதை நீங்களே வருவித்துக்கொள்ளலாம். விளங்காவிட்டால், விலகிய மூட்டோடு ஒருவர் ‘நோர்மல்’ என்ற பதிலை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடக்கூடும். தோள் படத்தில் நடக்கிற மோசமான தவறு அதுதான்.

பாடம் நடப்பது ஆங்கிலத்தில். திருகோணமலையில் நோயாளரோடு பேசுவது தமிழிலும் சிங்களத்திலும். ஆகவே தமிழ்ப் பெயர் வழக்கில் உள்ள இடத்தில் அதையும், இல்லாத இடத்தில் பாடப்பெயரை அப்படியே தமிழ் எழுத்திலும் தருகிறோம்.

## முதலில் எலும்புகள்

தோளில் மூன்று எலும்புகள் சந்திக்கின்றன: முன்னால் காறையென்பு, பின்னால் தோட்பட்டையென்பு, கையில் புயவென்பு. கையை உடலோடு எலும்பு வழியாக இணைப்பது காறையென்பு மட்டுமே. மற்ற இணைப்பெல்லாம் தசைதான். தோட்பட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருப்பது போலத் தெரிந்தாலும், விலா எலும்புகளின்மேல் தசைமெத்தையில் வழுகிக்கொண்டிருக்கிறது. 2ஆம் விலாவிலிருந்து 7ஆம் விலா வரை அது பரவியிருக்கும்.

தோட்பட்டையில் எக்ஸ்ரேக்காரர் மறக்கக்கூடாத நான்கு இடங்கள்:

1. உடல் – மெல்லிய முக்கோணத் தகடு. முதுகெலும்புப் பக்க விளிம்பு மெல்லியது, அக்குள் பக்க விளிம்பு தடித்தது. இந்த வேறுபாடு பின்னால் பெரிதும் உதவும்.
2. அக்ரோமியன் – பின்னாலுள்ள முகட்டின் நுனி. தோளின் கூரை இதுதான். தோளின் மேற்புறத்தைத் தட்டினால் கையில் படும் தட்டையான எலும்பு.
3. கொரகொயிட் – முன்னோக்கி வளைந்த விரல் போன்ற நீட்சி.
4. கிளெனொயிட் குழி – புயவென்பின் தலை வந்து பொருந்தும் இடம்.

குழி என்று பெயர் இருந்தாலும் அதற்கு ஆழம் இல்லை. பீரிசின் மேல் ஒரு தோடம்பழத்தை வைத்தது போன்ற பொருத்தம் அது. எந்த நேரத்திலும் புயவென்புத் தலையின் 25 முதல் 30 வீதம்தான் குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். குழியின் விளிம்பைச் சுற்றியுள்ள லேப்ரம் என்ற நார்க்கசியிழையம் அதைச் சற்று ஆழமாக்குகிறது; நான்கு சுழற்றுத் தசைகள் தலையைக் குழிக்குள் அழுத்திப் பிடித்து வைத்திருக்கின்றன. இவ்வளவு தளர்வாக இருப்பதால்தான் கரைவலை இழுக்கிறவரின் கை எல்லாத் திசைக்கும் போய்வருகிறது. உடலிலேயே அதிகம் விலகுகிற பெரிய மூட்டாக இது இருப்பதற்குக் காரணமும் அந்தத் தளர்வே.

புயவென்பின் மேல்நுனியில் தலைக்கு வெளிப்புறம் பெரிய முண்டும் முன்புறம் சிறிய முண்டும் இருக்கின்றன. இடையே ஒரு பள்ளம். தலைக்கு ஒட்டியிருப்பது உடற்கூற்றுக் கழுத்து. முண்டுகளுக்குக் கீழே எலும்பு ஒடுங்கும் இடம் சத்திரசிகிச்சைக் கழுத்து. வயதானவர் கையை ஊன்றி விழுந்தால் பெரும்பாலும் முறிவது இரண்டாவது. அக்குள் நரம்பும், புயவென்பை வளைத்துச் செல்லும் குருதிக்குழாய்களும் அதைச் சுற்றித்தான் போகின்றன. இதை இங்கே சொல்வது உடற்கூற்றுப் பாடத்துக்காக அல்ல. அந்தக் கையை நீங்கள் படத்துக்காகத் திருப்பினால் எதைக் குத்தக்கூடும் என்பதற்காக.

## குழி எந்தப் பக்கம் பார்க்கிறது?

விலாக்கூடு உருண்டையானது. அதன்மேல் சாய்ந்து கிடக்கும் தோட்பட்டை, உடலை முன் பின்னாகப் பிரிக்கும் தளத்திலிருந்து 30 முதல் 45 பாகை வரை முன்னோக்கித் திரும்பியிருக்கிறது. ஆகவே கிளெனொயிட் குழி நேர்ப் பக்கவாட்டில் பார்க்கவில்லை. பக்கமும் முன்னும் சேர்ந்த ஒரு மூலையைப் பார்க்கிறது.

பாதி திறந்த கதவை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலுக்கு நேரே நின்றால் கதவின் விளிம்பும் முகமும் ஒன்றின்மேல் ஒன்று தெரியும். கதவின் முகத்தை முழுதாகப் பார்க்க நீங்கள் ஓரடி பக்கமாக நகர வேண்டும். தோளிலும் இதுவே. உடலுக்கு நேரே கதிரைச் செலுத்தினால் அது மூட்டைச் சரிவாகத்தான் கடக்கிறது. தலை குழியின்மேல் பிறை வடிவில் படிந்து, மூட்டு இடைவெளி மூடிக்கொள்கிறது. உடலைப் பாதிக்கப்பட்ட பக்கமாக 35–45 பாகை சரித்தால் தோட்பட்டை டிடெக்டருக்குச் சமாந்தரமாகும். கதிர் குழியின் விளிம்பை உரசிக்கொண்டு போகும். இடைவெளி திறக்கும். தொடக்கத்தில் சொன்ன ‘உண்மையான ஏபி’, அதாவது கிராஷே படம், இதுவே.

நேரே நின்று எடுத்தது உடலின் ஏபி, சரிந்து நின்று எடுத்தது மூட்டின் ஏபி. இரண்டும் உண்மைதான், எதற்கு ஏபி என்பதுதான் வேறுபடுகிறது.

கூன் விழுந்த முதியவருக்கும், ட்ரொலியில் படுத்திருப்பவருக்கும் தோட்பட்டை இன்னும் முன்னோக்கி வந்திருக்கும். அவர்களுக்குச் சரிவு கூடுதலாக வேண்டும். 45 பாகை என்பதைச் சட்டமாக எடுக்க வேண்டாம். கையால் தொட்டு, தோட்பட்டையின் முகடு டிடெக்டருக்குச் சமாந்தரமாக வந்ததா என்று பார்ப்பதே சரியான வழி.

## விரலால் தேடவேண்டிய இடங்கள்

நல்ல தோள் படம், கதிர் வரும் ரியூபைத் திருப்பும் முன்னரே விரல் நுனியில் தொடங்குகிறது. உங்கள் உடலிலேயே பழகுங்கள்.

வலது ஆள்காட்டி விரலை இடது காறையென்பின் கழுத்துப் பக்க நுனியில் வைத்து வெளிப்புறமாக நகர்த்துங்கள். முதலில் எலும்பு முன்னோக்கி வளையும், பிறகு பின்னோக்கி வளையும். அந்த இரண்டாவது வளைவின் கீழே ஒரு பள்ளம் தெரியும். அதில் ஏறக்குறைய 2.5 சென்ரிமீற்றர் கீழிறங்கி ஆழமாக அழுத்தினால் கெட்டியான ஒரு முண்டு படும். அழுத்தும்போது சற்று நோகும். அதுதான் கொரகொயிட். சந்தேகமாக இருந்தால் விரலை எடுக்காமல் இடது கையை உள்ளும் வெளியும் திருப்பிப் பாருங்கள். விரலின் கீழ் எலும்பு உருண்டால் நீங்கள் தொட்டுக்கொண்டிருப்பது புயவென்பு, அசையாவிட்டால் கொரகொயிட்.

சாதாரண ஏபி படத்துக்கு மையக்கதிர் விழ வேண்டியது கொரகொயிட்டுக்கு 2.5 சென்ரிமீற்றர் கீழே. கிராஷே படத்துக்குத் தோளின் மேல்வெளி மூலையிலிருந்து 5 சென்ரிமீற்றர் உள்ளே, 5 சென்ரிமீற்றர் கீழே. இரண்டுக்கும் ரியூபிலிருந்து டிடெக்டர் வரை தூரம் 100 சென்ரிமீற்றர், கதிரின் ஊடுருவும் வலுவைத் தீர்மானிக்கும் மின்னழுத்தம் 70–75 கே.வி., சிதறிய கதிரை வடிக்கும் கிரிட் தேவை. எம்.ஏ.எஸ். அளவை, அதாவது எவ்வளவு கதிர் என்பதை, உங்கள் அறையின் அட்டவணைப்படி எடுங்கள். இயந்திரத்துக்கு இயந்திரம் அது மாறும்.

## கையின் சுழற்சி: எந்த முண்டு எங்கே போகிறது

விபத்து இல்லாத, நாட்பட்ட வலியோடு வருபவருக்கு உடலை நேரே வைத்து, கையைத் திருப்பித் திருப்பி எடுப்பதுண்டு. இங்கே வழிகாட்டி தோள் அல்ல, முழங்கை. முழங்கையின் இரு பக்கமும் துருத்தும் எபிகொண்டைல் முண்டுகளைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்துப் பாருங்கள். அவை இரண்டையும் இணைப்பதே எபிகொண்டைல் கோடு.

1. வெளிச்சுழற்சி: உள்ளங்கை முன்னோக்கி. எபிகொண்டைல் கோடு டிடெக்டருக்குச் சமாந்தரம். பெரிய முண்டு வெளிவிளிம்பில் தனியாகத் தெரியும். சுழற்றுத் தசைநாணில் படியும் சுண்ணக்கல்லைத் தேட இது நல்ல படம்.
2. நடுநிலை: உள்ளங்கை தொடையில். எபிகொண்டைல் கோடு 45 பாகை.
3. உட்சுழற்சி: புறங்கை தொடையில். எபிகொண்டைல் கோடு டிடெக்டருக்குச் செங்குத்து. சிறிய முண்டு உள்விளிம்பில் வரும். பழைய முன்புற விலகலால் தலையின் பின்வெளிப்புறத்தில் விழுந்த பள்ளம், அதாவது ஹில்-சாக்ஸ் காயம், இதில்தான் நன்கு தெரியும். 1940இல் இதை விவரித்த ஹில், சாக்ஸ் இருவரும் கதிரியக்கவியலாளர்கள்.

உள்ளங்கையை மட்டும் திருப்பச் சொன்னால் பலர் முன்கையைத்தான் திருப்புவார்கள். புயவென்பு அசையாமல் அங்கேயே இருக்கும். முழங்கையைப் பிடித்துப் பார்க்கச் சொல்வது அதனால்தான்.

இவை மூன்றும் விபத்தில் வந்தவருக்கு உரியவை அல்ல. முறிவோ விலகலோ இல்லை என்று முதல் படங்கள் காட்டி, வைத்தியர் பார்த்த பிறகே கையைச் சுழற்றலாம். ‘கொஞ்சம் திருப்பினால் படம் வடிவாக வரும்’ என்ற ஆசை சத்திரசிகிச்சைக் கழுத்து முறிந்த ஒருவரின் நரம்பைப் பாதிக்கக்கூடும்.

## விபத்துத் தோள்: கை அசையாது, மற்றதெல்லாம் அசையலாம்

நிலாவெளி வீதியிலோ கந்தளாய் வீதியிலோ மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர், மறுகையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டு, தலையை வலியுள்ள பக்கம் சாய்த்தபடி வருவார். அவருக்கு இந்த ஒழுங்கு:

1. கையை ஸ்லிங்கிலோ, அவர் பிடித்திருக்கும் நிலையிலோ அப்படியே விடுங்கள்.
2. இயன்றால் நிற்கவைத்தோ கதிரையில் இருத்தியோ எடுங்கள். படுக்கவைத்தால் உடலின் பாரம் முழுதும் தோளில் விழும். அதில் அவரைச் சரிப்பதும் கடினம்.
3. முதலில் ஏபி. முடிந்தால் நேரேயான ஏபியை விடுத்து கிராஷே எடுப்பது மேல். உடல் முழுவதும் சேர்ந்து சரிகிறது, மூட்டு அசைவதில்லை.
4. அடுத்து, முதற் படத்துக்குச் செங்குத்தான இரண்டாவது படம்: ‘வை’ படம் அல்லது அக்குள் படம். இது விருப்பத் தேர்வு அல்ல. படிவத்தில் ‘தோள் ஏபி’ என்று மட்டும் எழுதியிருந்தால் வாட்டுக்கு ஓர் அழைப்பு எடுத்துக் கேளுங்கள்.
5. மூட்டைப் பொருத்திய பிறகும் இரண்டு திசையில் படம் தேவை. பொருந்தியதா என்பதோடு, பொருத்தும்போது ஏதும் முறிந்ததா என்பதையும் அது காட்டும்.

ஒரே படம் ஏன் போதாது? எக்ஸ்ரே நிழல்தான். நிழலில் முன் பின் இல்லை. குழிக்கு முன்னால் வந்து நிற்கும் தலையும், குழிக்குப் பின்னால் போய் நிற்கும் தலையும் ஏபியில் ஏறக்குறைய ஒரே உயரத்தில் விழலாம். அகல நீளத்தை ஒரு படம் தரும். ஆழத்தை அதற்குச் செங்குத்தான படமே தரும்.

## ‘வை’ படம்

ஆங்கில எழுத்து வையின் வடிவில் தோட்பட்டை தெரிவதால் இந்தப் பெயர். மேலே விரியும் இரு கரங்கள் அக்ரோமியனும் கொரகொயிட்டும். தண்டு தோட்பட்டையின் உடல். மூன்றும் சேரும் சந்தியில்தான் கிளெனொயிட் குழி இருக்கிறது.

நோயாளர் இப்போது டிடெக்டரைப் பார்த்து நிற்க வேண்டும். பாதிக்கப்பட்ட தோளின் முன்புறத்தை டிடெக்டரில் சேர்த்து, மறுதோளைப் பின்னுக்கு எடுத்து, உடலை 45–60 பாகை சரியுங்கள். தோட்பட்டைத் தகடு டிடெக்டருக்குச் செங்குத்தாக வரவேண்டும். மையக்கதிர் தோட்பட்டையும் புயவென்பும் சந்திக்கும் இடத்தில். கை மார்பின் குறுக்கே ஸ்லிங்கில் இருந்தால் தோட்பட்டை ஏற்கெனவே முன்னோக்கி வழுகியிருக்கும். சரிவு குறைவாகப் போதும். கை பக்கத்தில் தொங்கினால் 60 பாகைக்குக் கிட்டப் போகவேண்டி வரும்.

தவறினால் எந்தப் பக்கம் திருத்துவது என்பதை, முன்னே சொன்ன தடித்த விளிம்பும் மெல்லிய விளிம்பும் சொல்லும். சரியான படத்தில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து ஒரே தண்டாகத் தெரியும். மெல்லிய விளிம்பு விலாப் பக்கமும் தடித்த விளிம்பு வெளிப்பக்கமும் பிரிந்து நின்றால் சரிவு போதவில்லை. தடித்தது விலாப் பக்கம் போயிருந்தால் சரிவு கூடிவிட்டது. இதைப் பார்க்காமல் ஊகத்தில் திரும்ப எடுப்பவர் அதே தவறை இன்னும் பெரிதாக்கிவிடுவதுண்டு.

வாசிக்கும் முறை இலகுவானது. கொரகொயிட் விலா எலும்புகளின் பக்கம் நீளும், அக்ரோமியன் எதிர்ப்பக்கம் நீளும். தலை சந்தியின் மேல் இருந்தால் மூட்டு இடத்தில் இருக்கிறது. கொரகொயிட்டின் கீழே போயிருந்தால் முன்புற விலகல். தோள் விலகல்களில் ஏறக்குறைய 95 வீதம் இந்த வகை. அக்ரோமியனின் கீழே போயிருந்தால் பின்புற விலகல்.

## ஏமாற்றும் படம்: பின்புற விலகல்

பின்புற விலகல் 2 முதல் 4 வீதம்தான். ஆனால் முதல் வருகையில் தவறவிடப்படுவதற்குப் பெயர்பெற்றது அதுதான். வலிப்பு வந்தவர், மின்சாரம் தாக்கியவர் ஆகியோரிடம் இதைக் கட்டாயம் நினைக்க வேண்டும். அந்த நேரத்தில் தசைகளெல்லாம் ஒரே கணத்தில் இறுகுகின்றன. கையை உட்புறம் சுழற்றும் தசைகள் வலிமை கூடியவை என்பதால் தலையைப் பின்னுக்குத் தள்ளிவிடுகின்றன. விழுந்ததையே நினைவில் வைத்திராத ஒருவர், ‘தோள் நோகுது, கை வெளிப்பக்கம் திரும்புதில்லை’ என்று மட்டும் சொல்வார்.

நேரேயான ஏபியில் தலை குழிக்கு அருகேதான் இருக்கும். அவசரத்தில் பார்ப்பவருக்கு நோர்மல். நிதானமாகப் பார்த்தால் இவை தெரியும்:

1. தலையின் வடிவம். கை உட்சுழற்சியில் பூட்டிக்கொண்டிருப்பதால் பெரிய முண்டு வெளிவிளிம்பில் இல்லை. தலை இருபக்கமும் ஒரே மாதிரி உருண்டு, மின்குமிழ் போல இருக்கும்.
2. பிறை காணாமற்போதல். நேரேயான ஏபியில் தலையும் குழியும் பிறை வடிவில் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும் என்று முன்னே கண்டோம். அந்தப் பிறை சிதைந்திருக்கும்.
3. இடைவெளி. குழியின் முன்விளிம்புக்கும் தலையின் உள்விளிம்புக்கும் இடையே 6 மில்லிமீற்றருக்கு மேல் வெளி தெரியும்.
4. தலைக்குள் நெடுக்காக ஓடும் ஒரு வெள்ளைக்கோடு. குழியின் விளிம்பில் தலை மோதி நசுங்கிய இடம் அது.

மின்குமிழ் வடிவம் மட்டும் கண்டால் விலகல் என்று முடிவெடுக்க முடியாது. நல்ல தோளையும் உட்சுழற்சியில் எடுத்தால் அப்படித் தெரியும். ஆனால் அது ஒரு கேள்வி. ‘கையை இவர் வெளியே திருப்பவில்லையா, திருப்ப முடியவில்லையா?’ என்று கேட்டு, செங்குத்துப் படத்தை எடுக்காமல் நோயாளரை அறையைவிட்டு அனுப்பக்கூடாது. கிராஷே படமும் இங்கே கைகொடுக்கும்: நன்றாகச் சரித்தும் மூட்டு இடைவெளி திறக்காமல் தலையும் குழியும் மேற்படிந்தே இருந்தால், உங்கள் சரிவில் பிழை என்று மட்டும் எண்ணாதீர்கள்.

## அக்குள் படம்

மூட்டைக் கீழிருந்து பார்க்கும் படம். முன் பின் விலகலுக்கும் குழி விளிம்பின் முறிவுக்கும் ‘வை’ படத்தைவிட இது தெளிவு. ஆனால் கையை விரிக்க வேண்டும் என்பதே தடை.

லோரன்ஸ் முறையில் நோயாளர் மல்லாந்து படுப்பார். தோளின் கீழ் 5 சென்ரிமீற்றர் உயரமான மெத்தைத் துண்டு. கை 90 பாகை விரிந்திருக்கும், முகம் மறுபுறம். டிடெக்டரைத் தோளின் மேல், கழுத்தோடு ஒட்டி நிறுத்துங்கள். கதிர் கிடையாக, உடலின் நடுவை நோக்கி 25–30 பாகை திரும்பி அக்குள் வழியாகப் போகவேண்டும். கை அவ்வளவு விரியாவிட்டால் கோணத்தை 15–20 பாகையாகக் குறையுங்கள். டிடெக்டரைக் கழுத்துக்குள் நன்கு தள்ளாவிட்டால் குழி படத்தில் விழாது.

கை சிறிதும் விரியாதவருக்கு இரண்டு வழிகள்:

வெல்போ: ஸ்லிங்கோடு மேசைக்கு முதுகு காட்டி நின்று, மேசைமேல் வைத்த டிடெக்டருக்கு மேலாக 20–30 பாகை பின்னால் சாய வேண்டும். கதிர் மேலிருந்து நேரே கீழே. மயக்கமாக இருப்பவரை இதற்கு நிறுத்தாதீர்கள்.

கார்த்: கிராஷே போலவே 45 பாகை சரித்து, ரியூபை 45 பாகை கீழ்நோக்கித் திருப்புவது. கை கொஞ்சமும் அசையத் தேவையில்லை, இருந்தபடியே எடுக்கலாம். முன்புற விலகலில் தலை கீழே விழும், பின்புற விலகலில் மேலே போகும். வேலை கூடிய அவசரப் பிரிவுகளில் இது இன்னும் அதிகம் பயன்பட வேண்டிய படம்.

## அறைக்குள் நடக்கும் பிழைகள்

உலோகமும் துணியும். எங்கள் பக்கம் புயத்தில் அச்சரக்கூடும் தாயத்தும் கட்டியிருப்பது சாதாரணம். அந்த உலோகக் குழல் சரியாகப் புயவென்பின் மேற்பகுதியில் விழுந்து முறிவை மறைக்கும். சொல்லாமல் அவிழ்க்க வேண்டாம். காரணம் சொல்லி, அவரோ உறவினரோ அவிழ்க்க விடுங்கள். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாத அம்மாவிடம் அதை மறுதோள் பக்கம் ஒதுக்கி ரேப்பால் ஒட்டிக்கொள்ளச் சொல்லலாம். சட்டை ஊசி, உள்ளாடைக் கொக்கி, சால்வையால் கட்டிய தூக்கின் முடிச்சு ஆகியவையும் படத்தில் விழும். முறிவு நெரிவு வைத்தியரிடம் பற்றுப் போட்டுக் கட்டிக்கொண்டு வருபவரின் ஈரக்கட்டும் மூங்கிற் சிம்பும் நிழல் தரும். அதை அகற்றுவது வைத்தியரின் முடிவு. கட்டோடு எடுத்தால் அதைப் படிவத்தில் குறியுங்கள்.

மூச்சு. அசைவால் கெட்ட படம் திரும்ப எடுக்க வேண்டிய படம். நோயாளருக்கு விளங்கும் மொழியில் சொல்லுங்கள்: ‘ஐயா, மூச்சைப் பிடிச்சுக்கொண்டிருங்க, அசையாதீங்க.’ சிங்களம் பேசுபவருக்கு ‘ஹுஸ்ம அல்லாகென இன்ன, ஹெலவென்ன எபா.’ இந்த இரண்டு வரியையும் படத்துக்கு முன்னரே ஒரு தடவை சொல்லிப் பழக்குங்கள்.

தானியங்கி அளவு. போதிய கதிர் வந்ததும் தானாக நிறுத்தும் ஏஈசியைப் பாவிக்கும்போது நடு உணரியின் மேல் தோளின் தடித்த பகுதி இருக்க வேண்டும். மையம் வெளிப்புறம் தவறி உணரியின் ஒரு பகுதி வெறுங்காற்றில் நின்றால் இயந்திரம் சீக்கிரம் நிறுத்திவிடும். படம் மணல்மணலாக வரும். சந்தேகமானால் கையால் அளவு வையுங்கள்.

மார்க்கர். வலம் இடம் குறியைப் படம் எடுக்கும்போதே வையுங்கள். ‘வை’ படத்தில் நோயாளர் திரும்பி நிற்பதால் பக்கம் மாறிக் குறிப்பது இலகு. கணினியில் பிறகு எழுதிக்கொள்ளும் பழக்கம் ஆபத்தானது.

சரிவைத் திருத்துதல். கிராஷே படத்தில் இடைவெளி மூடியிருந்தால் கூடியதா குறைந்ததா என்பதைக் கொரகொயிட்டிடம் கேளுங்கள். சரியான படத்தில் அதன் நுனி தலையின்மேல் அரைச் சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூடப் படிந்திருக்கும். அதைவிட அதிகம் படிந்து, காறையென்பும் குறுகித் தெரிந்தால் சரிவு கூடிவிட்டது. குறைவாகப் படிந்து, காறையென்பு நீண்டு தெரிந்தால் இன்னும் சரிக்க வேண்டும்.

நுரையீரல். தோள் படத்தின் உள்மூலையில் நுரையீரலின் உச்சி விழுகிறது. பலத்த அடியில் தோட்பட்டை முறிந்திருந்தால் விலாவும் முறிந்து காற்றுக் கசிந்திருக்கலாம். அடிபடாத, நாட்பட்ட தோள்வலிக்கு நுரையீரல் உச்சியில் வளரும் கட்டி காரணமாக இருப்பதும் உண்டு. தோளைப் பார்க்கும் கண் அந்த மூலையையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கதிரின் அளவைப் பற்றி நோயாளர் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு தோள் பரிசோதனையின் அளவு ஏறக்குறைய 0.01 மில்லிசீவேர்ட். இயற்கையிலிருந்து மனிதர் பெறுவது உலக சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவேர்ட். ஆகவே தோள் பரிசோதனையில் பெறுவது, இயற்கையிலிருந்து ஒன்றரை நாளில் கிடைக்கும் அளவு. ஆனாலும் தைரொயிட் சுரப்பி அருகில் இருப்பதால் கதிரின் அகலத்தைக் கட்டுப்படுத்தும் கொலிமேற்றரை இறுக்கி, முகத்தை மறுபக்கம் திருப்பச் சொல்லுங்கள். கர்ப்பம் பற்றிய கேள்வியையும் விட்டுவிடாதீர்கள்.

## கோணம் பிழைத்தால் சிகிச்சை மாறும்

1970இல் நியர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் வகுத்த முறைப்படி, புயவென்பின் மேல்நுனி நான்கு பாகங்கள்: தலை, பெரிய முண்டு, சிறிய முண்டு, தண்டு. முறிந்த ஒரு பாகம் 1 சென்ரிமீற்றருக்கு மேல் விலகியிருந்தாலோ 45 பாகைக்கு மேல் திரும்பியிருந்தாலோதான் அது தனிப் பாகமாக எண்ணப்படும். சத்திரசிகிச்சையா, ஸ்லிங் போதுமா என்ற பேச்சு பெரும்பாலும் இந்த அளவிலிருந்து தொடங்குகிறது. ஆகவே 20 பாகை பிழைத்த படம் வைத்தியரின் அளவையும் பிழைக்கச் செய்யும்.

## காறையென்பும் அதன் மூட்டும்

காறையென்பு முறிவுகளில் ஏறக்குறைய 80 வீதம் நடு மூன்றிலொன்றில். நேரே ஒரு படம், ரியூபை 15–30 பாகை மேல்நோக்கித் திருப்பி இன்னொரு படம். இரண்டாவது எலும்பை விலாக்களுக்கு மேலே தூக்கிக் காட்டும்.

காறையென்பு அக்ரோமியனைச் சந்திக்கும் ஏசி மூட்டு தோலுக்கு நேர்கீழே இருப்பது. தோள்மூட்டுக்கு வைத்த அளவை இதற்கும் வைத்தால் கருகிப்போகும், பாதியளவு போதும். 10–15 பாகை மேல்நோக்கிய கோணம் அதைத் தோட்பட்டை முகட்டிலிருந்து பிரிக்கும். இருபக்கத்தையும் ஒப்பிட எடுப்பதானால் தூரம் 180 சென்ரிமீற்றர். எடை கட்டி எடுக்கச் சொன்னால் முதலில் எடையில்லாத படத்தை எடுத்துக் காட்டுங்கள்; அதிலேயே விலகல் தெரிந்தால் எடை தேவையில்லை. எடை 2.5 முதல் 4.5 கிலோ வரை, மணிக்கட்டில் கட்டித் தொங்க வேண்டும். கையில் பிடிக்கக் கொடுத்தால் தசை இறுகி மூட்டை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எலும்புகளைப் பிணைக்கும் நார் (இணையம்) கிழிந்திருந்தாலும் கிழியாதது போலத் தெரியும்.

## பிள்ளைகளின் தோள்

புயவென்பின் நீளத்தில் ஏறக்குறைய 80 வீதம் அதன் மேல்நுனி வளர்ச்சித்தட்டில்தான் வளர்கிறது. அந்தத் தட்டு பதின்ம வயதின் பிற்பகுதி வரை திறந்திருக்கும். அது தட்டையான கோடு அல்ல, கூடாரம் போல நடுவில் உயர்ந்தது. ஆகவே முன்பக்க விளிம்பும் பின்பக்க விளிம்பும் படத்தில் இரண்டு கருங்கோடுகளாக விழும். அவற்றில் ஒன்றை முறிவு என்று கொள்வது புதியவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. வளர்ச்சித்தட்டின் ஓரம் வழுவழுப்பாகவும் வெள்ளை விளிம்போடும் இருக்கும். புதிய முறிவின் ஓரம் கூர்மையானது, விளிம்பு இராது. அதேபோல் அக்ரோமியனின் நுனியும் காறையென்பின் உள்நுனியும் 25 வயதை அண்டித்தான் முழுதாக ஒட்டுகின்றன. இருபது வயது இளைஞரின் அக்ரோமியனில் தெரியும் கோட்டை அடிபட்ட கதையோடும், அந்த இடத்தில் நோ இருக்கிறதா என்பதோடும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஒப்பிடுவதற்காக மறுதோளையும் வழக்கமாக எடுப்பதைத் தவிருங்கள். முதலில் செங்குத்தான இரண்டு படங்களையும் ஒழுங்காக எடுத்து, நோகும் இடத்தைப் பிள்ளையின் ஒற்றை விரலால் காட்டச் சொல்லி, அதைப் படிவத்தில் எழுதுங்கள். அதற்குப் பிறகும் வைத்தியருக்குச் சந்தேகம் இருந்தால் மட்டுமே மறுபக்கம்.